முற்றாகக் காரணிப்படுத்தல்: சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் அழிக்கப்பட்ட ஒரு சொல்

அட்சரகணிதப் பயிற்சியொன்றைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதுவது பொருத்தமாகுமா எனச் சில நண்பர்கள் வினவினர். இலக்கியத் திறனாய்வும் சமூகவியலும் இடம்பெறும் ஏட்டில் அடைப்புக்குறிகளுக்கு என்ன வேலை என்பது அவர்களது ஐயம். ஆயின் நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியே. 'முற்றாக' என்பது அச்சொல். 'பின்வருங் கோவைகளை முற்றாகக் காரணிப்படுத்துக' என்று வினாத்தாள் பணிக்கும்போது, அந்த வினாவின் உயிர்நிலை அச்சொல்லிலேயே தங்கியிருக்கின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளில் நான் கண்டறிந்த வகுப்புகளில் அச்சொல் கற்பிக்கப்படுவதில்லை. கற்பிக்காது விடுதலை ஒரு தொண்டாகவே கருதி நாம் செய்துவருகின்றோம். 'நாம்' என்று நான் குறிப்பது கல்வி அதிகாரிகளை அன்று. விடுமுறைதோறும் தோட்டங்களுக்குச் சென்று கருத்தரங்கு நடாத்தும் பல்கலைக்கழக மாணவரையும், அவர்களை வழியனுப்பி வைக்கும் விரிவுரையாளரையுமே. இக்கட்டுரையிற் குற்றஞ் சாட்டப்படுவோர் இம்மலரின் வாசகரே. அவர்களுள் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பலாங்கொடைப் பகுதியில் ஒரு பாடசாலையிற் சாதாரண தர மாணவருக்குக் கணிதக் கருத்தரங்கொன்று நடைபெற்றது. சுற்றியுள்ள நான்கைந்து தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தனர். அவர்களுட் சிலர் விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டச் செல்லும் பெற்றோரை அனுப்பிவிட்டு, தம்பி தங்கையரைப் பிள்ளை மடுவத்தில் விட்டு வந்தவர்கள். கரும்பலகையில் ய⁴ − 16 என்று எழுதப்பட்டது. (பாடநூல்களில் மாறியைக் குறிக்கும் எழுத்து வேறு. அட்சரகணிதம் என்பது எழுத்தாற் செய்யுங் கணிதமாகலின் எவ்வெழுத்தும் அதற்குப் போதும். நான் இங்கு 'ய' என்ற எழுத்தையே ஆள்கின்றேன்.) ஒரு மாணவி எழுந்து வந்து (ய² − 4)(ய² + 4) என்று பிழையின்றி எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டதற்கு, "ரெண்டு அடைப்பு வந்திருச்சு சேர்" என்றாள்.

அவளது விடையில் அறியாமை இல்லை. தனக்குக் கற்பிக்கப்பட்டதை அவள் துல்லியமாகவே சொன்னாள். காரணிப்படுத்தல் என்பது இரண்டு அடைப்புக்குறிகளை வரவழைக்கும் ஒரு வித்தை என்றே அவளுக்கு உணர்த்தப்பட்டிருந்தது. பின்னர் ஒருவன் வந்து ய² − 4 இனை மேலும் பிரித்து (ய − 2)(ய + 2)(ய² + 4) என எழுதினான். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன், "சேர், அந்தக் கடைசி அடைப்பு மட்டும் ஏன் உடையாது?" என்று கேட்டான். கருத்தரங்கை நடாத்தியவர், "அது உடையாது, எழுதிக்கொள்" என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போனார். அவ்வாறு சொன்னவன் நானே. பிற்பகல் மூன்று மணிக்கு முன்னர் இன்னும் பதினொரு வினாக்கள் முடிக்க வேண்டியிருந்தன.

அந்தச் சிறுவனின் வினா எத்துணை ஆழமானது என்பதை ஆறுதலாக நோக்குவோம். ய² + 4 ஏன் பிரியாது? அது இரண்டு ஒருபடிக் காரணிகளாகப் பிரியுமாயின், ஒவ்வொரு காரணியையும் பூச்சியமாக்கும் ஒரு பெறுமானம் ய இற்கு இருத்தல் வேண்டும். ஆனால் மெய்யெண் எதனையும் வர்க்கித்தால் அது மறையாகாது, ஆகவே ய² + 4 என்றும் 4 இலுங் குறையாது, பூச்சியமாவது எங்ஙனம்? இவ்வளவே காரணம். இதனைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆயின் இந்த இரண்டு நிமிடத்தில் மாணவன் பெறுவது சாதாரணமானதன்று. 'என்னாற் பிரிக்க முடியவில்லை' என்பதற்கும் 'யாராலும் பிரிக்க முடியாது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவன் வாழ்க்கையில் முதன்முறையாக அங்கு காண்கின்றான். பின்னையதை நிறுவ முடியும் என்பதே கணிதத்தின் பெருமை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதனைக் காட்டுவதற்கு இதைவிட எளிய இடம் பாடத்திட்டத்தில் வேறில்லை என்பேன்.

ஆயினும் அந்த இரண்டு நிமிட விளக்கத்தோடு நிறைவடைபவனும் ஏமாறுவான். ய⁴ + 4 என்ற கோவையை எடுத்துக்கொள்க. இதுவும் ஒருபோதும் பூச்சியமாவதில்லை. எனவே இதுவும் பிரியாது என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால் அது பிரியும். ய⁴ + 4ய² + 4 என்பது நிறைவர்க்கம். அதிலிருந்து 4ய² இனைக் கழித்தால் நமது கோவை கிடைக்கின்றது. (ய² + 2)² − (2ய)² என எழுதினால் அது இரு வர்க்கங்களின் வித்தியாசமாகி, (ய² + 2ய + 2)(ய² − 2ய + 2) எனப் பிரிந்துவிடுகின்றது. பூச்சியமாகாமை ஒருபடிக் காரணி இல்லை என்பதை மட்டுமே காட்டும். இருபடி, முப்படிக் கோவைகளுக்கு அது போதும். அவை பிரிந்தால் ஒரு ஒருபடிக் காரணி வந்தே தீரும். நான்காம் படிக்குப் போனதும் இரண்டு இருபடிக் காரணிகள் மறைந்திருக்க இடமுண்டு. 'வர்க்கங்களின் கூட்டுத்தொகை உடையாது' என்று கையேடுகளில் நாம் அச்சிட்டுக் கொடுக்கும் விதி, ய⁴ + 4 இன் முன்னே பொய்யாகின்றது.

இவ்விடத்தில் வழுக்கியவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மாத்திரமல்லர். நுண்கணிதத்தை உருவாக்கியோருள் ஒருவரான இலைப்பினிற்சு, 1702 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ய⁴ உடன் ஒரு மாறிலியின் நான்காம் வலுவைக் கூட்டிப் பெறுங் கோவையை மெய்யெண்களிற் பிரிக்க முடியாது எனக் கொண்டார். அதனை இரண்டு மெய் இருபடிக் காரணிகளாகப் பிரிக்கலாம் என்பதை நிக்கலசு பேர்னூலி 1719 இல் எடுத்துக்காட்டினார். நாம் மேலே செய்த அதே உபாயந்தான். மெய்யெண்களிற் பல்லுறுப்பி எதுவும் ஒருபடி, இருபடிக் காரணிகளாக முற்றாகப் பிரியும் என்ற தேற்றத்தை 1799 இற் கௌசு தமது கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருளாகக் கொண்டார்; அந்நிறுவலிலும் ஓர் இடைவெளி இருந்ததாகப் பின்வந்தோர் கண்டனர். ஆக, 'முற்றாக' என்ற சொல்லின் பொருளைத் தெளிவாக்க ஐரோப்பியக் கணிதவியலாளருக்கு ஒரு நூற்றாண்டு போதவில்லை. அச்சொல்லை நாம் 'எழுதிக்கொள்' என்ற ஒரு வார்த்தையாற் கடந்துவிடுகின்றோம்.

இதனினும் அடிப்படையான ஒரு குறை உண்டு. எந்த எண்களின் மீது முற்றாக என்பதை வகுப்பில் எவருஞ் சொல்வதில்லை. ய² − 2 பிரியுமா? விகிதமுறும் எண்களில் நின்றாற் பிரியாது. மெய்யெண்களுக்கு வந்தால் (ய − √2)(ய + √2) எனப் பிரியும். ய² + 4 உம் சிக்கலெண்களுக்குப் போனாற் பிரிந்துவிடும். 'உடையாது' என்று நான் அச்சிறுவனுக்குச் சொன்னது எந்த எண்தொகுதி என்று குறிப்பிடாத வரையில் பொய்யுமன்று, மெய்யுமன்று, வெறும் அதிகாரம். பாடசாலைக் கணிதத்தில் வழக்கமாக முழுவெண் குணகங்களோடு நிறுத்திக்கொள்கின்றோம். அது வழக்கம் என்பதை மாணவர் அறிதல் வேண்டும். அறியாதவிடத்து, எங்கே நிற்பது என்பதை ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே அவர் தீர்மானிக்கின்றார். தலைமுறை தலைமுறையாகக் கங்காணியின் முகத்தையும் கணக்கப்பிள்ளையின் முகத்தையும் பார்த்து நாள் முடிந்ததா என்று அறிந்துவந்த ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு, இந்தப் பழக்கத்தைக் கணித வகுப்பிலும் நாம் ஊட்ட வேண்டுமா?

முற்றாகச் செய்தலின் பயனை இன்னொரு கோவை நன்கு காட்டும். ய⁶ − 64 இனை ஒருவன் வர்க்கங்களின் வித்தியாசமாகக் கண்டு (ய³ − 8)(ய³ + 8) என எழுதுகின்றான். மற்றொருத்தி கனங்களின் வித்தியாசமாகக் கண்டு (ய² − 4)(ய⁴ + 4ய² + 16) என எழுதுகின்றாள். இருவரும் அங்கேயே நின்றால், இரு விடைகளும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றும். எது சரி என்று ஆசிரியரிடமே முறையிடல் வேண்டும். இருவரும் இறுதிவரை சென்றாற் கிடைப்பது ஒரே விடை: (ய − 2)(ய + 2)(ய² + 2ய + 4)(ய² − 2ய + 4). எவ்வழியிற் சென்றாலும் முடிவு ஒன்றே என்ற உறுதி, முடிவு வரை செல்பவருக்கே உரியது. இடையில் நிற்பவருக்கு அது கிடைப்பதில்லை. மாறாக 4ய² − 36 இனை (2ய − 6)(2ய + 6) என எழுதி நிற்பவன், அடைப்புகள் இரண்டிலும் 2 என்ற பொதுக்காரணி எஞ்சி நிற்பதைக் காணான். ஈரடைப்புக் கொள்கையால் வரும் விளைவு இது. 4(ய − 3)(ய + 3) என்பதே உரிய விடை.

இனி, இக்குறையைத் தொண்டாக மாற்றிய வாதங்களைப் பார்ப்போம். முதலாவது, இரக்கத்தின் வாதம். 'இந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண சித்தி போதும். முப்பத்தைந்து புள்ளி எடுத்தால் உயர்தரத்துக்குப் போகலாம். கடினமானதை விட்டு, வரக்கூடியதை மனனஞ் செய்யச் சொல்வோம்.' நமது கருத்தரங்குகள் யாவும் இந்த அடிப்படையிலேயே அமைகின்றன. கடந்த பத்தாண்டு வினாத்தாள்களைப் புரட்டி, எந்த வகை அடிக்கடி வருகின்றது என்று கணக்கெடுத்து, அதற்கொரு குறுக்குவழியைப் பிரதிபண்ணிக் கொடுக்கின்றோம். நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. சித்தியடையாத பிள்ளைக்குச் சித்தி பெரிது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நடக்கும் கருத்தரங்குக்கு நாம் இந்தக் கையேட்டைக் கொண்டுபோவோமா? அங்கே திறமைச் சித்தியை எதிர்பார்க்கின்றோம். இங்கே சித்தியை மட்டும். எதிர்பார்ப்பைப் பாதியில் நிறுத்தியபின், பிள்ளையின் விடை பாதியில் நிற்கின்றது என்று கவலைப்படுவதில் என்ன நியாயம்?

தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று அளந்து கொடுக்கும் மரபு புதியதன்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துரைமார் தொழிலாளரின் சிறுவருக்குக் கல்வி வசதி செய்தல் வேண்டுமென விதித்தது. ஆயினும் தோட்டத்து ஒற்றை ஆசிரியர் பள்ளிகள் எழுத்து, வாசிப்பு, எண் என்ற மூன்றையுங் கடக்கவில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகள் நீண்ட காலம் அதன் புறத்தே நின்றன. 1972 இலும் 1975 இலும் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே, 1977 இலிருந்து படிப்படியாகப் பள்ளிகளையும் அரசு பொறுப்பேற்றது. அதே ஆண்டிலும், 1981 இலும், 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களால் இவ்விரு மாவட்டங்களின் தோட்டக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தன. நுவரெலியாவைப் போல இங்கே தோட்டத் தமிழர் செறிந்து வாழவில்லை. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றனர். சிதறிய மக்களின் பாடசாலை சிறியதாகவே இருக்கும். சிறிய பாடசாலைக்குக் கணித ஆசிரியர் கடைசியாக வந்து முதலில் இடமாற்றம் பெற்றுப் போவார்.

இவ்விடத்தில் ஓர் எண்ணிக்கையைக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோராக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என விடப்பட்டனர். 1974 இல் அவர்களும் சரிபாதியாக்கப்பட்டனர். மீதித் தேற்றம் கற்றவருக்குத் தெரியும்: மீதி பூச்சியமாகாதவரை வகுத்தது காரணியன்று. இம்மக்களின் பேரப்பிள்ளைகள் கணித வகுப்பிலும் மீதியாக விடப்படுதலையே நான் கண்டிக்கின்றேன்.

மாவட்ட அடிப்படையிலான பல்கலைக்கழக அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தினபுரி கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டு அதற்குரிய சலுகை வழங்கப்படுகின்றது. கேட்க இனிமையானது. ஆனால் அச்சலுகையைக் கணிதப் பிரிவில் நுகர்வதற்கு உயர்தரக் கணிதத்தைத் தமிழிற் கற்பிக்கும் வகுப்பொன்று எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். இவ்விரு மாவட்டங்களிலும் அத்தகைய வகுப்பு மிக அரிது. கணிதம் படிக்க விரும்பும் பிள்ளை அட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போய் விடுதியில் தங்க வேண்டும். அதற்குக் கைக்காசு இல்லாத பிள்ளை கலைப்பிரிவில் அமர்கின்றது. மாவட்டம் என்ற ஒரே அடைப்புக்குள் நகரத்துப் பெரிய கல்லூரியையும் மலையடிவாரத்துத் தோட்டப் பள்ளியையும் சேர்த்துப் போட்டுவிட்டு, காரணிப்படுத்தல் முடிந்தது என்று திட்டமிடுவோர் எழுந்துவிட்டனர். பலாங்கொடைக்கு அப்பாற் பெலிகுல்ஓயாவில் ஒரு பல்கலைக்கழகமே நிற்கின்றது. அதன் விஞ்ஞான பீடத்துக்குச் செல்லும் வழி ஒன்பதாந் தரத்துக் காரணிப்படுத்தலிலிருந்து தொடங்குகின்றது என்பதைப் பெற்றோருக்கு யார் சொல்லியிருக்கின்றோம்?

ஏனெனில் உயர்தரக் கணிதத்தின் வாயில் அதுவே. காரணித் தேற்றம், பகுதிப் பின்னங்கள், சமனிலிகள், எல்லைகள், தொகையீடு ஆகிய ஒவ்வொன்றும் பகுதியெண்ணை முற்றாகப் பிரிக்கத் தெரிந்தவனையே உள்ளே விடும். பகுதியெண்ணில் ய⁴ − 16 நிற்கும்போது இரண்டு அடைப்போடு நிறுத்தியவன் பகுதிப் பின்னத்தை எழுதவே முடியாது. ஏன் முடியவில்லை என்பதும் அவனுக்கு விளங்காது. பாதிக் காரணிக்குச் சாதாரண தரத்திற் பாதிப்புள்ளி கிடைக்கலாம். உயர்தரத்தில் அது முழுத் தோல்வி. முப்பத்தைந்து புள்ளிக்காக நாம் கற்பித்த குறுக்குவழி, அடுத்த வாயிலின் தாழ்ப்பாளாகின்றது.

இரண்டாவது வாதம் மொழி பற்றியது. 'கணிதமெல்லாம் இனி ஆங்கிலத்திலேதான். தமிழ்ச் சொற்களோடு மல்லுக்கட்டி என்ன பயன்?' என்று சொல்வோர் நம்மிடையே பெருகியுள்ளனர். ஆங்கிலம் வேண்டாமென எவரும் சொல்லவில்லை. ஆனால் ஆங்கில ஆசிரியரே இல்லாத பாடசாலைக்கு ஆங்கிலவழிக் கணிதத்தைப் பரிந்துரைப்பது, பசித்தவனுக்குப் பட்டினத்து விருந்தைப் பற்றிச் சொல்வதாகும். கறல் விசுவநாதபிள்ளை 1855 இலேயே வீசகணிதத்தைத் தமிழ் நூலாக்கினார். வட்டுக்கோட்டை செமினரி உருவாக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அவர் அந்நூலை எழுதிய காலத்திலேயே தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுப் பாதையாற் கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தனர். ஒரே மொழியைப் பேசிய இரு சாராருள், ஒரு சாரார் கையில் அட்சரகணிதம். மற்றச் சாரார் தலையிற் கூடை. நூற்றெழுபது ஆண்டுகளின் பின்னரும், 'முற்றாக' என்ற தமிழ்ச் சொல் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லையெனின், குறை மொழியினுடையதாகாது.

மூன்றாவது வாதம் புதியது. கைத்தொலைபேசியிற் கணக்கைப் படம்பிடித்தால் காரணிகள் உடனே வந்துவிடுகின்றனவே, பிள்ளை ஏன் வருந்த வேண்டும் என்கின்றனர். வருகின்றன, உண்மைதான். கணனி வழிக் காரணிப்படுத்தல் இன்று வியக்கத்தக்க நிலையை அடைந்துள்ளது. 1967 இற் பேர்லிகாம்ப் முடிவுள்ள எண்தொகுதிகளுக்கு ஒரு வழி கண்டார். 1982 இல் லென்ஸ்ட்ரா சகோதரர் இருவரும் லொவாசும் சேர்ந்து விகிதமுறும் குணகங்களுக்கு விரைவான வழியொன்றை நிறுவினர். ஆனால் ய² − 2 இனை இத்தகைய மென்பொருளுக்குக் கொடுத்துப் பாருங்கள். எண்தொகுதி எதனையுங் குறிப்பிடாவிட்டால் அது பொதுவாக விகிதமுறும் எண்களையே கருதி, ய² − 2 இனை அப்படியே திருப்பித் தரும். பிரியாது என்று அது சொல்வதன் பொருளை உணர, எந்த எண்களில் என்ற வினா நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இயந்திரம் விடையை மட்டுமே தரும். வினாவை நாமே கொண்டுபோக வேண்டும்.

வினாத்தாள்களின் போக்கைக் கணித்துக் கற்பிக்கும் நண்பருக்கும் ஒரு செய்தி. ய இன் ஏதேனும் வலுவிலிருந்து 1 இனைக் கழித்து வருங் கோவைகளை, முழுவெண் குணகங்களோடு முற்றாகக் காரணிப்படுத்திக்கொண்டே போங்கள். காரணிகளின் குணகங்கள் யாவும் 1, 0, −1 என்பவற்றுள் ஒன்றாகவே இருக்கக் காண்பீர்கள். வலு 104 வரை இவ்வாறே. இதற்குமேல் ஒரு விதிக்கு என்ன சான்று வேண்டும் என்று தோன்றும். 105 ஆம் வலுவில், ஒரு காரணியின் குணகமாக −2 வந்து நிற்கும். நூற்று நான்கு முறை பொய்க்காத போக்கு நூற்றைந்தாம் முறை பொய்க்கும் உலகில், பத்தாண்டு வினாத்தாளை நம்பிப் பிள்ளைகளைத் தயார்செய்தல் எவ்வளவு துணிச்சல்!

நான் வேண்டுவது பெரியதொன்றுமன்று. கருத்தரங்கில் இருபது வினாக்களுக்குப் பதில் ஆறு வினாக்கள் போதும். ஒவ்வொரு கோவையிலும் முதலிற் பொதுக்காரணி தேடுதல், பிரித்தபின் பெருக்கிச் சரிபார்த்தல், பின்னர் எஞ்சிய ஒவ்வோர் அடைப்பையுஞ் சுட்டி 'இது இன்னும் பிரியுமா, எந்த எண்களில், பிரியாதெனின் ஏன்' என்று மாணவரையே கேட்டல். இதற்கு நேரம் செல்லும். மூன்று மணிக்குப் பேருந்து போய்விடும். அப்படியாயின் அடுத்த நாளுந் தங்குவோம். ஒரு நாட் கருத்தரங்கும் ஒரு குழுப்படமும் எடுத்துக்கொண்டு திரும்புவதை மலையக சேவை என்று ஆண்டறிக்கையில் எழுதும் வழக்கத்தைச் சங்கம் நிறுத்தல் வேண்டும். ஒரு பாடசாலையைத் தெரிந்து, ஓராண்டு முழுவதும் மாதமொருமுறை அதே வகுப்புக்குச் செல்வதற்குத் துணிவோர் பெயர் கொடுக்கட்டும். இரண்டு மாவட்டங்களிலும் தமிழ்மொழி மூல உயர்தரக் கணித வகுப்பு வேண்டுமென்ற கோரிக்கையையும் சங்கம் எழுத்திற் சமர்ப்பிக்கட்டும். விரிவுரையாளர் சிலர் இதனை அரசியல் என்பர். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமுடியாதவரைப் பற்றிப் பேசுவது அரசியலாயின், அப்படியே ஆகட்டும்.

'ஏன் உடையாது' என்று கேட்ட அச்சிறுவனுக்கு நான் மறுமாதம் காரணத்தையும், ய⁴ + 4 பிரியும் விதத்தையும் எழுதி அனுப்பினேன். சில வாரங்களின் பின் அவனுடைய அண்ணனின் தொலைபேசியிலிருந்து அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கம் படமாக வந்தது. ய⁸ + ய⁴ + 1 என்ற கோவையை அவனே எடுத்துக்கொண்டு, நான் காட்டிய உபாயத்தாலேயே (ய⁴ + ய² + 1)(ய⁴ − ய² + 1) என்று பிரித்து, முதலாவதை மேலும் (ய² + ய + 1)(ய² − ய + 1) என்றாக்கியிருந்தான். ய⁴ − ய² + 1 இன் கீழே இரண்டு கோடிட்டு, √3 இனைக் கொண்டு அதனையும் பிரித்துக் காட்டிவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தான்: 'எந்த எண்ணில் என்று கேள்வியில இல்லையே சேர், இதோட நிப்பாட்டவா?' அவன் இப்பொழுது உயர்தரம் படிக்கின்றான். அப்பாடசாலையிலுள்ளது கலைப்பிரிவு மட்டுமே.